மார்க்கெட் வண்டி மக்கர் செய்தால்...

பாகூர், நெட்டப்பாக்கம், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களில் கீரையும் கத்தரியும் வெண்டையும் பயிரிடும் சிறு விவசாயிகள் பலருக்குப் புதுச்சேரி நகரத்துப் பெரிய மார்க்கெட்தான் கதி. குபேர் அங்காடி என்று பெயர்ப் பலகையில் இருந்தாலும் எல்லோர் வாயிலும் அது பெரிய மார்க்கெட்தான். விடிவதற்குள் சரக்கு இறங்கினால் ஒரு விலை. வெயில் ஏறிய பிறகு போனால் வேறு விலை. கீரைக்கட்டு வாடிவிட்டால் விலையே இல்லை. மாட்டு வண்டியிலும் பஸ்ஸின் மேலும் கூடை ஏற்றிய காலம் போய், இன்று பலர் சிறிய சரக்கு வண்டியோ பழைய காரோ வைத்திருக்கிறார்கள். அந்த வண்டி விடியற்காலை மூன்றரை மணிக்கு அசைய மறுத்தால், எந்த மெக்கானிக்கும் அந்த நேரத்தில் வரமாட்டார்.

வண்டிக் கோளாறுகளில் பல, வீட்டிலேயே கண்டுபிடிக்கக் கூடியவை. சில, வீட்டிலேயே தீர்க்கக் கூடியவை. வேறு சில கோளாறுகளில் கை வைத்தால் நூறு ரூபாய் வேலை பல்லாயிரம் ரூபாய் வேலையாகிவிடும். எது எந்த வகை என்று தெரிந்துகொள்வதுதான் முக்கியம்.

சாவி திருப்பும்போது காது கொடுங்கள்

சாவியைத் திருப்பினால் 'செல்ப்' எடுக்கவில்லை. உடனே பாட்டரி போய்விட்டது என்று முடிவு கட்டிப் புதியது வாங்குவோர் உண்டு. அதற்கு முன் காசு செலவில்லாத ஒரு சோதனை இருக்கிறது. முன்விளக்கைப் போட்டுவிட்டு, ஒருவர் வண்டிக்கு முன்னால் நிற்க, மற்றவர் சாவியைத் திருப்ப வேண்டும்.

விளக்கு மங்கி அணைவது போல் ஆகி, 'டக் டக் டக்' என்று விட்டு விட்டுச் சத்தம் வந்தால் பாட்டரியில் மின்சாரம் குறைவு, அல்லது பாட்டரி முனைகளில் கோளாறு. விளக்கு மங்காமல் பளிச்சென்று எரிய, 'டக்' என்று ஒரே ஒரு சத்தம் மட்டும் வந்தால் கோளாறு ஸ்டார்ட்டர் மோட்டாரில் இருக்கக்கூடும். புதிய பாட்டரி வாங்கிப் போட்டாலும் வண்டி கிளம்பாது. விளக்கும் மங்கவில்லை, சத்தமும் இல்லை என்றால் சாவித் துவாரத்து சுவிட்ச், பியூஸ் இவற்றைப் பார்க்க வேண்டும். சில வண்டிகளில் கிளட்சை முழுதும் மிதித்தால்தான் செல்ப் எடுக்கும் என்பதையும் மறக்கக் கூடாது. எஞ்சின் நன்றாகச் சுழன்றும் பற்றிக்கொள்ளவில்லை என்றால் பாட்டரியின் மேல் பழி இல்லை. அது எண்ணெய் சம்பந்தப்பட்டதோ, பிளக் சம்பந்தப்பட்டதோ ஆகும்.

புதுச்சேரிக்கென்று ஒரு தனித் தொல்லை உண்டு. அது கடற்காற்று. உப்பு ஈரம் படிந்து உலோகம் சீக்கிரம் அரிக்கிறது. பாட்டரி முனைகளில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்து நிற்கும். இந்தப் பூப்பு மின்சாரத்தைத் தடுக்கும். நல்ல பாட்டரியும் செத்ததுபோல் நடிக்கும். வயர் முனையைக் கையால் பிடித்துத் திருகிப் பாருங்கள். அசைந்தால் அதுவே கோளாறாக இருக்கலாம்.

சுத்தம் செய்யும்போது முதலில் மைனஸ் முனையைக் கழற்ற வேண்டும்; மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். காரணம் இதுதான். வண்டியின் இரும்பு உடல் முழுதும் மைனஸோடு சேர்ந்தது. மைனஸ் மாட்டியிருக்கும்போது பிளஸ் முனையில் வைத்த ஸ்பேனர் உடலில் பட்டால் பெரிய தீப்பொறி பறக்கும். முனைகளைக் கழற்றிய பின், ஆப்ப சோடா கலந்த வெந்நீரைப் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தால் பூப்பு நுரைத்து வந்துவிடும். சோடாத் தண்ணீர் பாட்டரிக்குள் போகாதபடி மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும். துடைத்து உலர்த்தி, இறுக்கி மாட்டிய பிறகு மேலே வாசலின் தடவிவிட்டால் அடுத்த பூப்பு தாமதமாகும். தண்ணீர் ஊற்றும் வகைப் பாட்டரியானால் டிஸ்டில்ட் வாட்டர் தவிர வேறு எதையும் ஊற்றக் கூடாது. கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. வாழைக்கே ஆகாத அந்தத் தண்ணீர் பாட்டரிக்கு எப்படி ஆகும்?

சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மல்டிமீட்டர் ஒன்று வீட்டில் இருந்தால் சந்தேகமே வேண்டாம். மோட்டார் கொட்டகையிலும் அது உதவும். வண்டி ஓடாமல் ஓர் இரவு நின்றபின் பாட்டரியில் 12.6 வோல்ட் அளவுக்கு இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12க்கும் கீழே போனால் காலி. எஞ்சின் ஓடும்போது அளந்தால் பெரும்பாலான வண்டிகளில் 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். 12.5க்கு மேல் ஏறவே இல்லை என்றால், 'டைனமோ' என்று பட்டறையில் சொல்லும் ஆல்டர்னேட்டர் சார்ஜ் செய்யவில்லை, அல்லது அதன் பெல்ட் நழுவுகிறது. எஞ்சின் ஓடும்போதே பாட்டரி வயரைக் கழற்றிப் பார்க்கும் பழைய வழக்கத்தை இப்போதைய வண்டிகளில் அறவே செய்யக் கூடாது. உள்ளே இருக்கும் மின்னணுப் பெட்டி எரிந்துபோகும்.

பக்கத்து வண்டியிலிருந்து மின்சாரம் வாங்கிக் கிளப்புவதானால் முறை இது: சிவப்பு வயரின் ஒரு முனையைச் செத்த பாட்டரியின் பிளஸ்ஸிலும், மறுமுனையை நல்ல பாட்டரியின் பிளஸ்ஸிலும் மாட்டவேண்டும். அடுத்து கறுப்பு வயரை நல்ல பாட்டரியின் மைனஸ்ஸில் மாட்டி, அதன் கடைசி முனையைச் செத்த வண்டியின் எஞ்சின் இரும்பில், பாட்டரிக்குத் தள்ளி ஓரிடத்தில் பிடிக்க வேண்டும். பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவரும். அதன் பக்கத்தில் பொறி பறந்தால் வெடிக்கும். இதே காரணத்தால் பீடி, சிகரெட்டுக்கும் அங்கே இடமில்லை.

டீசல் வண்டியும் டீசல் பம்புசெட்டும்

டீசல் எஞ்சின் பம்புசெட் ஓட்டிப் பழகியவர்களுக்குக் காற்று பிடிப்பது புதிய செய்தி அல்ல. டீசல் தீர்ந்துபோய் மறுபடி ஊற்றினாலோ, குழாய் இணைப்பு எங்காவது தளர்ந்தாலோ, டீசலுக்குப் பதில் காற்று போய் எஞ்சின் பற்றாது. பழைய வகை வண்டிகளில் பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைப்பம்பை அழுத்தி, நுரை நின்று வெறும் டீசல் வரும்வரை விட்டு, பிறகு இறுக்கினால் போதும். பம்புசெட்டில் செய்யும் அதே வேலைதான்.

ஆனால் புதிய டீசல் வண்டிகளில் இந்தக் கைவண்ணம் பில்டரோடு நின்றுவிட வேண்டும். இன்ஜெக்டருக்குப் போகும் குழாயைத் தளர்த்தவே கூடாது. அதனுள் இருக்கும் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேல். கார் டயரில் இருப்பதைப் போல் சுமார் 500 மடங்கு. அந்தக் குழாயிலிருந்து ஊசிபோல் பாயும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும். பார்க்கச் சின்னக் காயம்போல் இருக்கும். ஆனால் விரலையோ கையையோ இழக்க நேரும் அளவுக்கு ஆபத்தானது. அப்படி நேர்ந்தால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

டீசலில் தண்ணீர் கலப்பதும் சகஜம். பம்புசெட்டுக்காகப் பீப்பாயிலும் கேனிலும் வைத்திருக்கும் டீசலை அவசரத்துக்கு வண்டியில் ஊற்றுவது பலரும் செய்வது. மழைக்காலத்தில் அந்தப் பீப்பாயின் அடியில் தண்ணீர் தங்கியிருக்கும். தண்ணீர் டீசலைவிடக் கனமானது. எனவே பில்டரின் அடியில் தங்கும். அடித் திருகைத் திறந்து ஒரு கண்ணாடிக் குப்பியில் பிடித்தால், கீழே தண்ணீரும் மேலே டீசலும் பிரிந்து தெரியும். சுத்தமான டீசல் வரும்வரை வடித்துவிட வேண்டும். பீப்பாய் டீசலைப் பம்புசெட்டோடு வைத்துக்கொண்டால் இந்த வேலையே மிச்சம்.

பெட்ரோல் வண்டியானால், சாவியை 'ஆன்' நிலைக்குத் திருப்பியதும் பின்பக்கத்தில் பெட்ரோல் பம்பு ஓரிரு வினாடி 'ஙொய்' என்று இரைவது கேட்கும். அது கேட்கவில்லை என்றால் முதலில் பியூஸைப் பார்க்கவேண்டும். பியூஸ் பெட்டியின் மூடியிலேயே எது எதற்கு என்று எழுதியிருக்கும். எரிந்த பியூஸுக்கு அதே ஆம்பியர் பியூஸ்தான் போடவேண்டும். கம்பியைச் சுற்றிப் போடுவது வண்டிக்குக் கொள்ளி வைப்பதற்குச் சமம். பிளக்கைக் கழற்றிப் பார்க்கத் தெரிந்தவர்கள் அதன் நுனியின் நிறத்தைக் கவனிக்கலாம். பிஸ்கெட் நிறம் நல்லது. கரி படிந்திருந்தால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு. ஏர் பில்டரைப் பாருங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எஞ்சின் உள்ளே தேய்ந்திருக்கிறது.

எலியின் கைவரிசையையும் சொல்லியாக வேண்டும். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் இரவெல்லாம் நிற்கும் வண்டியின் பானட்டுக்குள் கதகதப்புக்காக எலி குடியேறும்; வயரைக் கடிக்கும். நேற்றுவரை ஓடிய வண்டி இன்று காரணமே இல்லாமல் நின்றுவிட்டால், வயர்களைத் தடவிப் பார்ப்பது நல்லது. நெற்பயிரில் குருத்துப் பூச்சியைத் தேடும் கண்ணுக்கு இது பெரிய வேலை அல்ல. மின்னணுப் பெட்டிக்குப் போகும் வயரை மட்டும் டேப் சுற்றி ஒப்பேற்றாமல் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் விடவேண்டும்.

2020 ஏப்ரல் 1 முதல் விற்கப்படும் பி.எஸ். 6 வண்டிகளில் கோளாறை வண்டியே விளக்கு போட்டுக் காட்டுகிறது. மஞ்சள் விளக்கு எரிந்தால் மெதுவாகப் பட்டறைக்குப் போகலாம். அதே மஞ்சள் விளக்கு கண் சிமிட்டினாலும், சிவப்பு விளக்கு எரிந்தாலும் ஓரம் கட்டிவிட வேண்டும். ஆயில் சின்னம் சிவப்பில் எரிய, 'மார்க்கெட் வரைக்கும் போய்விடலாம்' என்று ஓட்டிய வண்டியின் எஞ்சின் மார்க்கெட் வரைக்கும் வருவது சந்தேகம்.

சூடு ஏறினால்

பாகூரிலிருந்து அரியாங்குப்பம், முருங்கப்பாக்கம் வழியாக வரும் வண்டி முதலியார்பேட்டை ஏ.எப்.டி. மில் அருகே ரயில்வே கேட்டில் நிற்கும்போது, சூட்டு முள் மேலே ஏறுவதைச் சிலர் கவனித்திருக்கலாம். ஓடும்போது எதிர்க்காற்று ரேடியேட்டரைக் குளிர்விக்கிறது. நின்றால் மின்விசிறி மட்டும்தான் குளிர்விக்க வேண்டும். ஓடும்போது சரியாக இருந்து, நிற்கும்போது மட்டும் சூடேறினால் விசிறியையும் அதன் பியூஸையும் பார்க்க வேண்டும். ஓடும்போதே சூடேறினால் கூலண்ட் குறைந்திருக்கலாம். அல்லது ரேடியேட்டர் அடைத்திருக்கலாம். அறுவடைக் காலத்தில் சாலையில் காயப்போட்ட கதிர்மேல் ஓடும் வண்டிகளின் ரேடியேட்டரில் தூசும் சருகும் பூச்சியும் அப்பிக்கொள்ளும். எஞ்சின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக, மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவினால் வந்துவிடும். வேகமாகப் பீய்ச்சினால் தகடுகள் மடங்கிப்போகும்.

சூடேறிய வண்டியின் ரேடியேட்டர் மூடியை ஒருபோதும் உடனே திறக்கக் கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி திறந்த கணமே கொதித்து முகத்தில் அடிக்கும். எஞ்சினை நிறுத்தி அரைமணி நேரத்துக்குக் குறையாமல் ஆறவிட்டு, கையால் தொட முடிகிற அளவுக்கு வந்த பின், துணி போட்டு மெல்லத் திறக்க வேண்டும். கொதிக்கும் எஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் இரும்பு விரிசல் விடும். அவசரத்துக்கு ஊற்றிய கிணற்றுத் தண்ணீரை வீடு வந்ததும் வடித்துவிட்டுக் கூலண்ட் நிரப்புவது நல்லது. உப்புத் தண்ணீர் தங்கினால் வெந்நீர் அண்டாவில் படிவதுபோல் காறை படியும்.

காலையில் வண்டி நின்ற இடத்துத் தரையையும் ஒரு பார்வை பார்க்கலாம். ஏ.சி.யிலிருந்து சொட்டும் வெறும் தண்ணீரால் தீங்கு இல்லை. பச்சையாகவோ சிவப்பாகவோ வழவழப்பாக இருந்தால் கூலண்ட். கறுப்பாக இருந்தால் எஞ்சின் ஆயில். சக்கரத்தின் உட்புறத்தில் வெளிறிய எண்ணெய் கசிந்தால் அது பிரேக் எண்ணெயாக இருக்கலாம். அந்த வண்டியை அங்கிருந்து நகர்த்தவே கூடாது. பிரேக் மிதி பஞ்சுபோல் அமுங்கினாலும் இதே கதைதான். பிரேக் வேலையை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

வெள்ளத்தில் நின்ற வண்டி

மேலே சொன்னவற்றில் தவறு நேர்ந்தாலும் பெரும்பாலும் வண்டி பிழைத்துக்கொள்ளும். வெள்ளத்தில் செய்யும் ஒரு தவறு மட்டும் எஞ்சினையே காவு வாங்கிவிடும்.

2024 நவம்பர் 30 இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கரை கடந்த பிறகும் நகராமல் நின்று கொட்டியதில், நகரத்தில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கும் அதிகமான மழை பெய்தது. கிருஷ்ணா நகரில் வீடுகளில் சிக்கியவர்களை இராணுவத்தினர் வந்து மீட்டார்கள். தெருக்களில் நின்ற கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மூழ்கின. அடுத்த சில நாட்களில் சாத்தனூர் அணையிலிருந்து திறந்த நீர் தென்பெண்ணையில் பெருகிப் பாகூர்ப் பகுதியில் புகுந்தது. நகரத்தில் தப்பிய வண்டிகளுக்குக் கிராமத்தில் அந்தக் கதி நேர்ந்தது. பெருமழை பெய்தால் இந்திரா காந்தி சதுக்கத்திலும் ரெயின்போ நகரிலும் தண்ணீர் நிற்பது ஊர் அறிந்தது. எனவே இது ஒருமுறை நடந்து முடிந்த கதை அல்ல.

தண்ணீர் வடிந்ததும் யாருக்கும் கை பரபரக்கும். வண்டி ஓடுகிறதா என்று சாவியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றும். அங்கேதான் எஞ்சின் போகிறது. எஞ்சினின் சிலிண்டருக்குள் பிஸ்டன் காற்றை அழுத்துகிறது. காற்று சுருங்கும், தண்ணீர் சுருங்காது. காற்று போகும் வழியாகத் தண்ணீர் சிலிண்டருக்குள் நுழைந்திருக்கும்போது பிஸ்டன் மேலே வந்தால், அழுத்த இடமின்றி, அதைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும் அல்லது முறியும். சில வேளை எஞ்சின் கட்டையே ஓட்டையாகும். மூழ்கியதால் மட்டும் கெட்ட எஞ்சினைக் கழுவித் துடைத்து மீட்கலாம். மூழ்கிய பின் கிளப்பிய எஞ்சினை மீட்பது அரிது. டீசல் எஞ்சினில் அழுத்தம் அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம்.

சைலென்சர் வழியாகத் தண்ணீர் ஏறுவதைத்தான் பலரும் அஞ்சுகிறார்கள். எஞ்சின் ஓடும்வரை புகை தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். அஞ்ச வேண்டியது முன்பக்கத்தில் காற்று இழுக்கும் வாயைத்தான். சில கார்களில் அது பம்பருக்குச் சற்று மேலேயே இருக்கிறது. ஆகவே சக்கரத்தின் பாதிக்கு மேல் தண்ணீர் நிற்கும் இடத்தில் இறங்கவே கூடாது. ஓடும் வெள்ளமானால் ஓரடி ஆழமே சிறிய காரை இழுத்துக்கொண்டு போகும். ஆழம் குறைந்த தண்ணீரைக் கடப்பதானால் முதல் கியரில், ஒரே சீராக, நிறுத்தாமல் போகவேண்டும். நடுவில் எஞ்சின் நின்றுவிட்டால் மறுபடி செல்ப் போடாமல் தள்ளித்தான் கரையேற்ற வேண்டும்.

மூழ்கிய வண்டிக்கு முதல் வைத்தியம், பாட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றுவது. அடுத்து, தண்ணீர் எந்த உயரம் வரை நின்றது என்பது தெரியும்படி, வண்டியை நகர்த்தும் முன்பே போட்டோ எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தகவல் சொல்ல வேண்டும். தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தால் வெள்ள நஷ்டம் கிடைக்காது. முழுப் பாலிசி இருந்தாலும், தண்ணீரில் நின்ற எஞ்சினைக் கிளப்பியதால் வந்த சேதத்தைப் பொதுவாகத் தள்ளிவிடுவார்கள். அதற்கென்று எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் பிரிவு தனியே இருக்கிறது. பாலிசி புதுப்பிக்கும்போது வடகிழக்குப் பருவமழையை நினைத்துக்கொண்டு அதை ஒரு வார்த்தை விசாரிக்கலாம்.

பிறகு ஏர் பில்டரைத் திறந்து பார்க்க வேண்டும். அது காய்ந்திருந்து, அந்தக் குழாயிலும் ஈரம் இல்லை என்றால் நிம்மதி. நனைந்திருந்தால் மெக்கானிக் வந்து பிளக்குகளையோ இன்ஜெக்டர்களையோ கழற்றித் தண்ணீரை வெளியேற்றும்வரை சாவியைச் சட்டைப் பையிலேயே வைத்திருக்க வேண்டும். ஆயில் அளவுக் கம்பியையும் இழுத்துப் பார்க்கலாம். ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, டீக்கடைப் பால்போல் வெளுத்திருந்தாலோ உள்ளே தண்ணீர் கலந்திருக்கிறது. ஆயிலை மாற்றாமல் ஓட்டக் கூடாது. கியர் பெட்டி, பின் ஆக்சில் இவற்றின் ஆயிலையும் அதேபோல் பார்க்கச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஓடுகிறதே என்று இவற்றை மறந்துவிட்டால் சில மாதம் கழித்து பேரிங்குகள் கத்தத் தொடங்கும். பிரேக் டிரம்முக்குள் சேறு தங்கியிருக்கும். கழுவிக் காயவைத்த பின்னும் முதல் சில கிலோமீட்டர் மெதுவாக ஓட்டி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து உலர்த்த வேண்டும். தண்ணீர் புகுந்த எஞ்சினில் ஒருமுறை ஆயில் மாற்றினால் ஈரம் முழுதும் போய்விடாது. கொஞ்ச தூரம் ஓடிய பிறகு ஆயிலையும் ஆயில் பில்டரையும் இன்னொரு முறை மாற்றவேண்டும்.